விரல் நிழல்

காலையில் தடவிய களிம்பு நெற்றிப் புண்ணில் ஊறி இறங்குவதற்குள் மத்தியானமாகிவிட்டது. இப்போது சிவப்பு விளக்கின் கீழே கண்கள் மூடப்பட்டுப் படுத்திருந்தார் கணவர். தலைமாட்டில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மனைவி. அறுத்தெடுத்த பிறகும் அதே இடத்தில் திரும்பி வந்த புற்று. இனி அறுக்க நெற்றியில் தோல் மிச்சமில்லை, களிம்பில் பட்டுப் புற்றை எரிக்கும் இந்த வெளிச்சத்தைத்தான் நம்ப வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவளுக்கு உடனே முதுகு வலித்தது.

“எரியுதுடி. ஊசி ஊசியா குத்துது.”

“பேசாம படுங்க. பேசினா நெத்தி ஆடுது.”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பேசாதேன்னுதான் சொல்றே. இன்னிக்குத்தான் ஒரு காரணம் கிடைச்சிருக்கு.”

அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. விளக்கை இயக்கும் பெண் திரைப் பக்கம் திரும்பியிருந்தாள். அவர் பல்லைக் கடித்து முனகினார். முடியை ஒதுக்குவதுபோல் அவள் கட்டைவிரலை நீட்டினாள். அதன் நிழல் புண்ணின் ஓரத்தில் விழுந்தது. முனகல் தணிந்தது. விரலை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

விளக்கு அணையப்போகிறது என்று தெரிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் நீல வெளிச்சம் காட்டிப் படம் எடுத்தாள். நீல வெளிச்சத்தில் மருந்து ரோஜா நிறத்தில் மின்னும். வேலையை முடித்த இடத்தில் மங்கிவிடும். அதைக் காலையிலேயே விளக்கியிருந்தாள். திரையில் புண் முழுக்க மங்கிக் கிடந்தது. ஓரத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கீற்று, பளிச்சென்று.

“இங்க மட்டும் ஏன் மங்கலை? லைட்டைச் சரியாத்தானே வச்சேன்.”

சும்மா இருந்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாமோ என்று மனைவிக்கு ஒரு கணம் தோன்றியது. அந்தக் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தாம்மா,” என்றாள் கடைசியில். “தாங்க முடியாம கையால மறைச்சேன்.”

அந்தப் பெண் திட்டவில்லை. “அந்த இடத்துக்கு மறுபடி காட்டணும்மா. விட்டா அங்கேர்ந்தே திரும்ப வந்துடும்.”

“எனக்கும் தெரியும்,” என்றார் கணவர், கண்ணை மூடியபடியே. “நிழல் இதமா இருந்துச்சு. நானும் வாயைத் திறக்கலை.”

விளக்கு மறுபடி எரிந்தது. அவள் நாற்காலியைக் கால்மாட்டுக்கு இழுத்துப் போட்டு, அவருடைய இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவை அவள் கைக்குள் துடிக்க ஆரம்பித்தன.