ஏழாவது ரொட்டி

ஏழாவது ரொட்டியைப் பிய்க்கும்போதுதான், தான் நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருப்பது இராஜேஸ்வரிக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. வெளியே மழை விட்டு, ஹந்தானை மலைச் சரிவின் தேயிலைக்கு மேல் பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. பின்னேரத் தேத்தண்ணிக்கென்று பத்துத் தேங்காய் ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து வைத்திருந்தாள். உப்புப் பார்க்க ஓரத்தில் ஒரு துண்டு கிள்ளியது நினைவிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேறு யாரோ செய்ததுபோல் இருந்தது. தட்டில் மூன்று ரொட்டி மிச்சம். வயிறு நிரம்பி வலித்தது. அப்படியும் கை நிற்கவில்லை.

தண்ணீர் எடுக்க வந்த மகள் லோஜினி தட்டைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"இதுக்கு நீங்க பேசாம ஒரு முட்டையச் சாப்பிட்டிருக்கலாம்மா."

கேலியாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுப் போத்தலை எடுத்துக்கொண்டு தன் படிப்புக்குப் போய்விட்டாள். இராஜேஸ்வரி கையைக் கழுவினாள். சம்பலின் காரம் விரலிடுக்கில் எரிந்தது.

எட்டு மாதமாக அவள் முட்டையைத் தொடவில்லை. மீன், இறைச்சி, பால், தயிர், நெய் எதையும் தொடவில்லை. தொடங்கி வைத்ததே லோஜினிதான். தைப்பொங்கல் முடிந்த வாரம், போனில் எதையோ பார்த்துவிட்டு, இனிமேல் தான் வீகன் என்று அறிவித்தாள். கணவன் நிரஞ்சனுக்கு அந்தச் சொல் புரியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நாமும் சைவம்தானே என்று கேட்டான். பாலும் கிடையாது என்று மகள் விளக்கியபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை தனியாகச் சாப்பிட்டால் வாடிப்போகுமே என்று இராஜேஸ்வரியும் சேர்ந்துகொண்டாள். நாற்பதாவது நாள் லோஜினி கூட்டாளிகளோடு டவுனுக்குப் போய்க் கோழி போட்ட பிரைட் ரைஸ் சாப்பிட்டுவிட்டு வந்து, சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். இராஜேஸ்வரி மட்டும் திரும்பிப் போகவில்லை.

ஏன் என்று கேட்டவர்களிடம், ஒத்துக்கொள்கிறது, அதனால் இருக்கிறேன் என்று சொல்லிவைத்தாள். உண்மையான காரணம் வேறு. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இதே மலையின் லயத்து வரிசை வீட்டில், அப்பா வளர்த்த பசு ஒரு காளைக்கன்று போட்டது. பால் வேண்டுமென்று கன்றை இருபது நாளில் விற்றுவிட்டார்கள். பசு மூன்று நாள் கத்தியது. அந்தப் பாலில்தான் அவளுக்கும் தேத்தண்ணி ஊற்றினார்கள். குடித்தாள். ருசியாகத்தான் இருந்தது. அந்த ருசிதான் இப்போது, நாற்பத்து நான்கு வயதில், அவளை உறுத்தியது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

விடுவது அவளுக்குக் கடினமாக இருக்கவில்லை. எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் சம்பலில் மாசிக் கருவாடு போட்டிருக்கிறதா என்று கூச்சமில்லாமல் கேட்கப் பழகினாள். அவள் வேலை செய்யும் புடவைக் கடைக்கு ஹஜ் பெருநாளன்று முதலாளி வீட்டிலிருந்து வந்த வட்டிலப்பத்தில் முட்டை இருக்குமென்று கிண்ணத்தின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. மற்றப் பெண்கள் கரண்டியை வழித்து நக்கும்போது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தாள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து அவளுக்கே ஒரு மதிப்பு வந்தது.

கடினமாக இருந்தது மற்றது. சோறு, பலாக்காய்க் கறி, கச்சான் கடலை, வாழைப்பழம், ரொட்டி இதெல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். அதனால் அவள் தாராளத்துக்கும் மேலே சாப்பிட்டாள். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, அடுப்பங்கரையில், சட்டியிலிருந்தே சாப்பிட்டாள். வீகனாக மாறுவதற்கு முன்பும் இப்படித்தான். அப்போது அதை யாரும் பார்க்கவில்லை. இப்போது, பாலை விட்டவள் ஏன் இன்னும் மெலியவில்லை என்று எல்லாரும் உடம்பைப் பார்த்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி மலையேறும்போது முழங்கால் அதே கேள்வியைக் கேட்டது.

திங்கட்கிழமை கடையில் பத்து மணித் தேத்தண்ணி சொல்லும்போது, தனக்கும் பால் போட்டே கொண்டு வரச் சொன்னாள். இரவு முழுக்க மகளின் வார்த்தை மனதில் ஓடியிருந்தது. ஏழு ரொட்டி தின்றவளுக்கு என்ன விரதம், எதற்கு இந்த நடிப்பு என்று தோன்றியிருந்தது. கிளாஸ் வந்தது. பழுப்பு நிறம், மேலே மெல்லிய ஆடை. அவள் அதை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலாளி ஷிஹாப் சேலை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார். அக்குறணைக்காரர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர், பெரிய வயிற்றுக்காரர். என்ன, விட்டாச்சா என்று கேட்டார். அவளுக்கு மறைக்கத் தோன்றவில்லை. நேற்று நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்தபோது அது ரொம்பச் சின்னதாகவும், அதனாலேயே வெட்கமாகவும் இருந்தது.

ஷிஹாப் சேலையைக் கீழே வைத்தார். நோன்பு மாதத்தில் தான் படும் பாட்டைச் சொன்னார். பகல் முழுக்க எச்சில் விழுங்கக்கூட யோசிக்கிற மனிதர், பாங்கு சொன்ன பிறகு கஞ்சியில் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதாம். மனைவி சாப்பாட்டுப் பீங்கானைத் தூக்கி ஒளித்து வைப்பாராம்.

"டொக்டரும் ஏசுறாரு. பிள்ளைகளுக்கு முன்னுக்கு வெக்கமா இரிக்கி" என்றார். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

"அதுக்காக நோன்ப விட்டீங்களா முதலாளி?"

"அதெப்பிடி விடுற?"

அவர் அதைக் கேள்வியாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். இராஜேஸ்வரி நேற்றுத் தின்ற ஏழு ரொட்டியையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மா, தேங்காய், உப்பு, பச்சைமிளகாய், வெங்காயம். அலுமாரியில் பட்டர் இருந்தது, லோஜினிக்கென்று வாங்கியது. கை அந்தப் பக்கம் போகவேயில்லை. அறிவு மங்கிப்போய்த் தின்றுகொண்டிருந்த அந்த நேரத்திலும் போகவில்லை.

"அப்ப நானும் விடல" என்றாள். கிளாஸை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். "இத நீங்க குடிங்க."

பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் நிரஞ்சன் காத்திருந்தான். மாநகர சபையின் தண்ணீர்ப் பகுதியில் வேலை. அவன் வேலை முடிந்து வந்தால் இருவரும் சேர்ந்தே மலையேறுவார்கள். அவளுடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். முதல் வளைவு தாண்டி மூச்சு வாங்க நின்றபோது அவள் சொன்னாள்.

"நான் ஒளிச்சு ஒளிச்சு நெறையச் சாப்பிடுறேங்க. நிறுத்த முடியல."

பத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நிரஞ்சன் பையைத் தோள் மாற்றிப் போட்டான்.

"தெரியும். ரொட்டி கொறையும்னுதான் வர்ற வழியிலயே கடையில பாண் வாங்கிருவேன். ஆசைக்கு வாங்கினேன்னு சொல்லுவேன்ல?"

"பெறகு ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டா, நீ ஒளிக்கிற எடத்த மாத்துவ. அவ்வளவுதான் நடக்கும்."

அவளுக்கு அழுகை வந்தது. மலையேறுகிற மூச்சிரைப்பில் அது கலந்துபோயிற்று. மேலே போய்ச் சேர்வதற்குள் அவனிடம் ஒன்று மட்டும் கேட்டாள். இனிமேல் தான் சாப்பிடும்போது அவனும் கூட உட்கார வேண்டும். புத்தி சொல்லக் கூடாது, தட்டைப் பார்க்கக் கூடாது, உட்கார்ந்தால் போதும். அவன் சரியென்றான்.

அன்றிலிருந்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேசையில் உட்கார்ந்தார்கள். முதல் வாரம் இராஜேஸ்வரிக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து, தட்டில் போட்டு, மற்றவர்கள் முன்னால் சாப்பிடுவது உடுப்பில்லாமல் நிற்பதுபோல் இருந்தது. லோஜினி போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். சில நாள் கழித்து அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வகுப்புக் கதைகளைச் சொல்லத் தொடங்கினாள். எல்லா நாளும் நல்ல நாளாக இருந்ததில்லை. தீபாவளிக்குச் சுட்ட பயற்றம் பணியாரத்தில் பாதியை ஒரு மத்தியானம் தனியே நின்று தின்று தீர்த்தாள். ஆனால் அன்று பின்னேரமே இருவரிடமும் சொல்லிவிட்டாள். சொல்வதால் வயிற்று வலி குறையவில்லை. அடுத்த நாள் காலையில் எழுந்து அரிசி களைவது மட்டும் சுலபமாக இருந்தது.

மார்கழியில் ஒரு நாள், பாத்திரம் கழுவும்போது லோஜினி பக்கத்தில் வந்து நின்றாள். நான் நாற்பது நாளில் விட்டேனே, நீங்கள் எப்படி விடாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். இந்தத் தடவை அதில் கேலி இல்லை.

இராஜேஸ்வரி யோசித்தாள். நல்ல பதிலாகச் சொல்ல வேண்டுமென்று ஆசையாக இருந்தது.

"தெரியலடி. கெட்டுப்போன நாள்லயும் நான் அதத் தொடல. அதான்."

மகள் தலையாட்டினாள். பிறகு துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைக்கத் தொடங்கினாள்.

தை கடைசியில் வத்தேகமவில் ஒரு கல்யாணம். நிரஞ்சனின் அக்கா அங்கம்மாவின் மகன் சுரேஸுக்கு. அங்கம்மா தோட்டத்தில் கொழுந்தெடுத்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள். பேச்சு கரடுமுரடாக இருக்கும். என்ன சொல்வாளோ என்று இராஜேஸ்வரிக்குப் பயமாக இருந்தது. பச்சைக் கரை வைத்த மஞ்சள் சேலை கட்டினாள். உடம்பு பெரிதாக ஒன்றும் இறங்கிவிடவில்லை. போன வருடச் சட்டையில் இரண்டு தையல் பிரித்துப் போட வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

பந்தியில் இலை போட்டதும் அவள் பழக்கப்படி நெய்யையும் தயிரையும் கையால் மறித்தாள். பக்கத்து இலைக்காரி எதற்கென்று கேட்டாள். அவள் வாய் திறப்பதற்குள் பின்னால் அங்கம்மாவின் குரல் கேட்டது.

"இவ என் தம்பி பொஞ்சாதி. ஒரு வருசமாச்சு, பால்ல கை வைக்கல. ஒருத்தர் சொல்லிச் செய்யல, தானாச் செய்யுறா. நம்ம குடும்பத்துல வேற யாரால முடியும்?"

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அங்கம்மா சமையல்காரர் மூக்கையாவைக் கூப்பிட்டாள். அவர் ஒரு சின்ன வாளியோடு வந்தார். அங்கம்மா முதல் நாளே சொல்லி, அவளுக்கென்று தேங்காய்ப்பாலும் வெல்லமும் விட்டுத் தனியாகப் பாயாசம் காய்ச்ச வைத்திருந்தாள். டம்ளரில் ஊற்றினார். இராஜேஸ்வரி மெதுவாகக் குடித்தாள். ஏலக்காயும் வறுத்த முந்திரியும், அடியில் ஊறிக் கிடந்த சவ்வரிசியும். நன்றாக இருந்தது. இத்தனை பேர் பார்க்கும்போது தொண்டையில் இறங்குகிறதே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

வாளியில் இன்னும் நிறைய இருந்தது. அத்தனையும் அவளுக்குத்தான்; வேறு யாருக்கும் அது தேவையில்லை. மூக்கையா குனிந்து இரண்டாவது தடவை அகப்பையை எடுத்தார். அவளுக்கு வேண்டும்போல்தான் இருந்தது. நாக்கு இன்னும் அந்த வெல்லத்திலேயே இருந்தது. பின்னேரம் வீட்டில் தனியாக இருக்கும்போது என்ன நடக்குமென்று அவளால் சொல்ல முடியாது.

"போதுங்க" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் அகப்பையைச் சாய்க்கப் போனார். இராஜேஸ்வரி டம்ளரின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். அகப்பை அவள் விரல்களுக்கு ஒரு சாண் மேலே நின்றது. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, அவள் புறங்கையில் சூடாக விழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை.