கூரைப் பெட்டி

ஹால்வார் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மலைமேல் இருக்கும் தண்ணீரைக் கீழே தள்ளித்தான் சம்பளம் வாங்கினான். மேலே ஏரி, கீழே மலையின் வயிற்றுக்குள் சுழலி. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, இரண்டையும் பெருக்கினால் மின்சாரம்; மற்றதெல்லாம் வெறும் இரும்புச் சாமான் என்பான். அப்படி உயரத்தை விற்றே பிழைத்தவன்தான், அன்று தன் மின்சாரக் காரின் சார்ஜ் இறங்குவதைப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தான்.

மலைக்கு அந்தப் பக்கம், கடலோர நகரமான பேர்கனின் ஆஸ்பத்திரியில் அவன் அண்ணன் எய்லிஃப் கிடந்தான். காலையில் நர்ஸ் கூப்பிட்டு, சாயங்காலத்துக்குள் வந்துவிடுங்கள், நாளைக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். உங்களைத்தான் கேட்கிறார் என்றும் சொன்னாள். முன்பு ஒருமுறை அணையை உயர்த்தியபோது எய்லிஃபின் கோடை மேய்ச்சல் நிலம் ஏரிக்குள் போய்விட்டது. உயர்த்தலாம் என்று ஊர்க் கூட்டத்தில் கை தூக்கியவர்களில் தம்பியும் ஒருவன். அதன்பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான் இந்த ஓட்டம்.

பள்ளத்தாக்கு முழுக்கக் காரை விரட்டினான். கடைசி ஊரில் சார்ஜ் போடுமிடத்தில் விடுமுறைக் கூட்டம் வரிசை கட்டி நின்றதால் நிற்காமல் மலையேறினான். ஏற்றமும் குளிரும் சேர்ந்து சார்ஜைக் குடித்தன.

"கூரை மேல அந்தப் பெட்டிய வச்சிட்டு இப்படிப் பறந்தா வேற என்ன ஆகும்?" என்றாள் மனைவி குட்னி. போன ஈஸ்டருக்குப் பனிச்சறுக்குக் கட்டைகள் வைக்க மாட்டிய பெட்டி. அவர்கள் ஊரில் பாதி வீடுகளில் அது அடுத்த ஈஸ்டர்வரை கூரையிலேயே குடியிருக்கும். "கழட்டு கழட்டுன்னு எத்தன தடவ சொன்னேன்? வேகம் ரெண்டு மடங்கானா காத்து நாலு மடங்கு தடுக்கும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற ஆளு!"

"இப்ப அந்தப் பாடம் ரொம்ப முக்கியமா?"

"உனக்குத்தான் முக்கியம்."

மலை உச்சிச் சமவெளி தொடங்கும் இடத்தில் தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. பனிப்புயல். இனித் தனியாகப் போக விடமாட்டார்கள்; பனி தள்ளும் லாரி முன்னால் ஊர்ந்து போக, வண்டிகள் அதன் பின்னால் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு போக வேண்டும். ஹால்வாருக்கு முன்னால் ஏழெட்டுக் கார்கள் காத்து நின்றன. லாரிக்காரர் ஒவ்வொரு வண்டியாக வந்து எட்டிப் பார்த்தார்.

"கொஞ்ச நேரத்துல கிளம்பிரும். யாரும் இறங்காதீங்க. சார்ஜ் இருக்கா?"

"இருக்கு," என்றான் ஹால்வார். அவர் நகர்ந்ததும் திரையைப் பார்த்தான். அதுவரை அவன் ஓட்டிய லட்சணத்தை வைத்துக் கார் கணக்குப் போட்டிருந்தது: பேர்கன் எட்டாது. அவனுக்கு மூளை கலங்கிவிட்டது. பெட்டியின் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

"எங்க போற? இறங்காதன்னாரே!"

"பெட்டியக் கழட்டிட்டா எட்டிரும். ரெண்டே நிமிஷம்."

பெட்டியைக் கூரையோடு இறுக்கியிருந்தவை நான்கு பிடிகள். முன்பக்கத்து இரண்டும் சொன்னபடி கேட்டன. பின்பக்கத்து இரண்டும் பனியில் இறுகிப்போயிருந்தன. குட்னியும் இறங்கி, குடுவையிலிருந்த காப்பியை அவற்றின்மேல் ஊற்றினாள், அதுவும் உறைந்ததுதான் மிச்சம். ஹால்வார் கத்தினான், உதைத்தான், விரல் தோல் உரிந்தது. அப்போது லாரியின் ஹாரன் அடித்தது.

கார்கள் நகர்ந்தன. லாரிக்காரர் இறங்கி ஓடிவந்தார். "யோவ், என்ன பண்ணிட்டிருக்க? பாதி கழண்ட பெட்டியோட உள்ள விட முடியாது. பிச்சுக்கிட்டுப் போய் எவன் கண்ணாடியிலயாவது அடிக்கும்."

"என் அண்ணன் சாகக் கெடக்கிறாரு!"

லாரிக்காரரின் முகம் இளகியது, பதில் இளகவில்லை. "அடுத்த தடவ பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். தடுப்பு மறுபடி இறங்கியது.

குட்னி திட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நர்ஸ் எய்லிஃபின் காதில் வைத்தாள்.

"எங்கடா இருக்க?" கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் குரல்.

"மலை மேலண்ணே. தடுப்புகிட்ட. சார்ஜ் பத்தாதுன்னு கூரைப் பெட்டியக் கழட்டினேன், அதுக்குள்ள வரிசை போயிருச்சு."

அந்தப் பக்கம் சிரிப்பு, அதைத் தொடர்ந்து இருமல். "நீயெல்லாம் கரண்டு ஆபீஸ்காரனாடா? மேல ஏறிட்டல்ல? அந்தப் பக்கம் கடல் வரைக்கும் இறக்கம். இறங்க இறங்க அதுவா ஏறிக்கும்டா."

அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. மலைமேல் நிற்கும் கார், மலைமேல் நிற்கும் ஏரிதான். கீழே வரவர அதன் எடையே சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் செய்யும். போதாததற்கு அன்று காற்று முதுகுப் பக்கமிருந்து அடித்தது. லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும் வேகத்தில் அந்தப் பெட்டி ஒரு பொருட்டே அல்ல. பேசாமல் உட்கார்ந்திருந்தாலே போய்ச் சேர்ந்திருப்பான். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வந்து சொல்லு. போன்ல வேணாம். மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் சொல்லவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வாழ்நாளெல்லாம் அண்ணன் பேச்சைத் தட்டியவனுக்கு, இந்த ஒருமுறையாவது கேட்போம் என்று தோன்றிவிட்டது.

புயல் வலுத்தது, அடுத்த வரிசையைத் தள்ளிப்போட்டார்கள். பின்பக்கத்துப் பிடிகள் ஒருவழியாகக் கழன்றன. பெட்டியை ஓரமாகப் பனியில் எறிந்தார்கள். காருக்குள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் அடித்தது. குட்னி எடுத்தாள். "சரி," என்றாள், மறுபடியும் "சரி" என்றாள். போனை மடியில் வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தாள். "முடிஞ்சிருச்சு," என்றாள்.

அந்தி சாயும் நேரத்தில் தடுப்பு தூக்கப்பட்டது. சமவெளி முடிந்ததும் சாலை வளைந்து வளைந்து இறங்கத் தொடங்கியது. முன்னால் வண்டிகள் கலைந்து விரைந்தன, ஹால்வார் மெதுவாகவே ஓட்டினான். திரையில் சார்ஜ் ஒவ்வொரு சதவீதமாக ஏறிக்கொண்டே வந்தது. பேர்கனுக்குத் தேவையானதையும் தாண்டி ஏறியது.

"அன்னிக்குக் கூட்டத்துல நான் கை தூக்கியிருக்கக் கூடாதுண்ணே," என்றான் ஹால்வார், சாலையைப் பார்த்து. குட்னி கையை நீட்டித் திரையை அணைத்தாள்.