ராகம் போட்டு வாசித்தவர்

பேசாலை ஊர் வாசிகசாலையில் எமிலியானுஸ் பேப்பர் வாசித்தால், தெருவால் போகிறவன் செத்த வீடு என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றுவான். தபசு காலத்தில் கோயிலில் பசாம் வாசிக்கிற மனிசன் அவர். ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளை ராகம் இழுத்து வாசித்துப் பழகிய வாய், சீனி விலை ஏறியதையும் அதே ராகத்தில்தான் வாசிக்கும். நெஞ்சு வருத்தத்தால் கடலுக்குப் போவதை விட்ட பிறகு அவருக்கு மிஞ்சியது வாசிகசாலையில் குந்துகிற அந்த மர வாங்கு ஒன்றுதான்.

பக்கத்து வாங்கில் றஞ்சிதம் இருப்பாள். கருவாட்டைக் காயப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு பத்திரிகையை விரித்துப் பிடித்திருப்பாள். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. எமிலியானுஸின் வாயால் தொடர்கதையைக் கேட்டுவிட்டு, தானே வாசித்த மாதிரி ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். கெட்டிக்காரி!

யாழ்ப்பாணத்தில் பயிற்சி முடித்த எட்வேட் புது நூலகராக வந்தான். வந்த கிழமையே 'அமைதி காக்கவும்' என்று பலகை மாட்டினான். எமிலியானுஸ் அந்தப் பலகையையும் ராகத்தோடு வாசித்தார்.

எட்வேட் பொறுத்துப் பார்த்துவிட்டு றஞ்சிதத்திடம் வந்தான்.

"அக்கா, நீங்கள் வாசிச்சுக்கொண்டிருக்கிறீங்கள். இவர் சத்தம் போடுறது உங்களுக்குக் கரைச்சல்தானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாசிக்கிறவளுக்குக் கரைச்சலாக இருக்கத்தானே வேண்டும்? இல்லையென்றால் பிடிபட்டுவிடுவாளே!

"ஓம் தம்பி," என்றாள். அதோடு வாயை மூடினாளா பாவி? "பிரேதத்தை நடுவில வச்சு ஒப்பாரி வைக்கிற மாதிரிக் கிடக்கு."

பேப்பர் பார்க்க வந்திருந்த எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எமிலியானுஸின் முகம் செத்துப்போனது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழும்பிப் போனவர், பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

றஞ்சிதத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வரும்போது எமிலியானுஸே அவளுக்குக் கிட்ட வந்தார்.

"பிள்ளை, இவ்வளவு நாளும் உனக்குக் கரைச்சல் குடுத்துப்போட்டன். மனசில வச்சிருக்காதை."

ஐயோ, கன்னத்தில் அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பாள். நேரே வாசிகசாலைக்கு நடந்தாள். இருந்த சனத்துக்கு முன்னாலேயே எட்வேட்டிடம் சொன்னாள்.

"தம்பி, எனக்கு வாசிக்கத் தெரியாது. அவர் வாசிச்சால்தான் எனக்குக் கதை. அண்டைக்கு நான் சொன்னது முழுப்பொய்."

எட்வேட் தான் மாட்டிய பலகையை நிமிர்ந்து பார்த்தான்.

"முந்தின காலத்தில உலகத்தில கனபேர் வாய்விட்டுத்தான் வாசிச்சவையாம் அக்கா. அதைப் படிச்சுச் சோதினையும் பாஸ் பண்ணினனான். இஞ்ச வந்து பலகையை மாட்டிப்போட்டன்."

பலகையைக் கழற்றினான். தானே போய் எமிலியானுஸைக் கூட்டி வந்தான். றஞ்சிதம் அவருடைய முகத்துக்கு நேரேயும் உண்மையைச் சொன்னாள்.

"அப்ப ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?"

"வெட்கம் அண்ணை. நான் பிடிபட்டிடுவன் எண்ட பயம்."

அவர் தலையாட்டிவிட்டுப் பேப்பரை விரித்தார். தொடர்கதையை வாசித்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு சொல்லாக.

"ராகத்தோட வாசியுங்கோவன் அண்ணை."

"அது கோயிலுக்குப் பிள்ளை," என்றார், கோபமில்லாமல்.

தபசு காலம் வந்தது. எமிலியானுஸ் கோயிலில் எழும்பி நின்று பசாமைத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ராகம் அங்கேயும் வரவில்லை.

பின்வாங்கில் றஞ்சிதம் குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஆண்டவருடைய பாடுகளுக்காக அழுகிறாள் என்று சனம் நினைத்தது.