இரண்டு மில்லி குறைவு

பெட்டியின் தலைமாட்டைச் சின்னவன் பிடித்திருந்தான், கால்மாட்டை அத்தான். வேனுக்குள் ஏற்றுகிற நேரம் பார்த்து அவன் சட்டைப்பையில் அக்காவின் போன் அடித்தது. பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு எடுத்தான்.

"மேடம் இருக்காங்களா? போர்டு பட்டறைலேருந்து பேசறேன். அவங்க எழுத்துல ஒரு தப்பு இருந்துச்சு. நானே சரி பண்ணிட்டேன், கவலப்பட வேணாம்னு சொல்லுங்க. பத்தரைக்கு மெஷின ஓட்டிடுவோம்."

"என்ன தப்பு?"

"'ட'ல நிக்கிற கோடு இருபது மில்லி தடிமன். படுத்த கோடு பதினெட்டுதான் இருக்கு. வெர்னியர் வெச்சுப் பாத்தேன். ரெண்டையும் இருபதாக்கிட்டேன். வட்டமெல்லாம் மேலயும் கீழயும் மெலிஞ்சிருந்துச்சு, அதையும் சமம் பண்ணி, மாதிரிக்கு ஒரு போர்டு வெட்டிட்டேன்."

சின்னவனுக்குக் காது சுட்டது. கொக்கி, வால், நெளிவு எதுவும் இல்லாமல், வெறும் கோட்டையும் வட்டத்தையும் வைத்து அத்தனை எழுத்தையும் வரைய அக்காவுக்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது. புதுப் பேருந்து நிலையத்தின் முந்நூறு போர்டுக்கும் அந்த எழுத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பேருந்து ஓட்டுகிற சின்னவன்தான் அவளுக்குச் சோதனை எலி. தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, "பின்னாடி போ, இன்னும் போ" என்று தெருக்கோடிவரை துரத்துவாள். இரண்டு கோடும் ஒரே அளவு என்றால் படுத்த கோடு கண்ணுக்குத் தடித்துத் தெரியும். எவ்வளவு குறைத்தால் சரியாகும் என்று கண்டுபிடிக்க ஒரே நாளில் அவனை நாற்பது தடவை நடக்கவைத்தாள். அந்த இரண்டு மில்லியில் அவன் கால்வலியும் சேர்ந்திருந்தது.

"அது தப்பில்லங்க. நிறுத்துங்க."

"நாளைக்கு அளவு சரியில்லன்னா என் தலையிலதான் விடியும். மேடத்தையே நேர்ல வந்து சொல்லச் சொல்லுங்க." போனை வைத்துவிட்டார்.

மணி ஒன்பது ஐம்பது. மயானத்தில் பதினொன்றரைக்கு நேரம் குறித்திருந்தார்கள்.

"பட்டறை வழியா போயிட்டுப் போலாம்" என்றான் சின்னவன்.

பெரியம்மா வாயில் கைவைத்தாள். "பொணத்த ஏத்திக்கிட்டு போர்டு கடைக்கா? அவ கோடு போட்டது போதாதுன்னு நீ வேறயா?"

அத்தான் இரண்டு நாளாக வாய் திறக்காதவர். "போ" என்றார்.

சின்னவன் முன்னால் ஏறி டிரைவருக்கு வழி சொன்னான். பாலத்துக்கு அடியில் புகுந்தால் இரண்டு சிக்னல் மிச்சம். லாரி ஒன்று குறுக்கே நின்றபோது இறங்கி ஓடி, அதைப் பின்னுக்கு எடுக்கவைத்துவிட்டு வந்தான். நேற்றிலிருந்து மரம் மாதிரி இருந்தவனுக்கு இப்போதுதான் உயிர் வந்திருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது. டிரைவர் அவனை ஒரு தினுசாகப் பார்த்தார்.

பத்து இருபத்தைந்துக்குப் பட்டறை. தகட்டை மெஷினில் படுக்கவைத்து இறுக்கிக்கொண்டிருந்தார் பட்டறைக்காரர்.

"மேடம் வரலையா?"

"வெளிய வண்டியிலதான் இருக்காங்க."

அவர் கையைத் துடைத்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வண்டியைப் பார்த்தார். கையிலிருந்த துணியை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"போன வாரம்கூடப் பேசினாங்களே. குரல் கம்மியிருந்துச்சு. ஜலதோஷம்னாங்க."

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னா."

கடைசியில் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். ஆனால் மனுஷர் தொழிலில் கறார். "என்ன இருந்தாலும் தம்பி, அளவுன்னா அளவுதானே?"

"ரெண்டு அளவுலயும் ஒவ்வொரு போர்டு வெட்டியிருக்கீங்கல்ல? கேட்டுல மாட்டுங்க."

போன வாரம் அக்காவின் அளவில் வெட்டிய மாதிரி ஒன்று, இன்று காலை இவர் திருத்தி வெட்டியது ஒன்று. இரண்டிலும் 'நடைமேடை 7'. பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார். சின்னவன் வேனை அறுபதடி பின்னால் எடுக்கச் சொன்னான். எது யாருடையது என்று டிரைவரிடம் மூச்சு விடவில்லை. அத்தனை நடையும் வீணாகப் போயிருந்தால்?

"அண்ணே, எது நல்லாருக்கு?"

டிரைவர் கண்ணாடியை இறக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இடது பக்கம் இருக்கறது. வலது பக்கத்துல 'ட' என்னமோ பூட்ஸ் போட்ட மாதிரி இருக்கு. கீழ்க்கோடு தடியாயிடுச்சு பாருங்க."

பட்டறைக்காரர் வெர்னியரை எடுத்துக்கொண்டு வலதுபக்கப் போர்டிடம் போனார். நின்ற கோட்டை அளந்தார். படுத்த கோட்டை அளந்தார். இரண்டும் இருபது. வேன் நின்ற இடத்துக்கு நடந்துவந்து, திரும்பிப் பார்த்தார். மறுபடி போய் அளந்தார்.

"சமமாத்தானே இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு உள்ளே போய்த் தன் ஃபைலை அழித்துவிட்டு, அக்காவின் ஃபைலை ஏற்றி, மெஷினை ஓட்டினார். முதல் எழுத்து தகட்டில் இறங்கத் தொடங்கியது.

சின்னவன் ஓடினான். வேனின் பின்கதவைப் பிடித்து இழுத்துத் திறந்தான்.

"அக்கா, ஜெயிச்சிட்டோம்."

பெட்டிக்கு அந்தப் பக்கம் அத்தான், இந்தப் பக்கம் பெரியம்மா. அவன் கதவைப் பிடித்தபடியே நின்றான். பெரியம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

"உள்ள வா. என்னத்த ஜெயிச்சீங்கன்னு எனக்குச் சொல்லு. அவ சொன்னது ஒன்னும் எனக்கு விளங்கினதில்ல."

வண்டி கிளம்பியது. சின்னவன் உட்கார்ந்து, பெட்டியின் மூடிமேல் விரலை வைத்து, மேலிருந்து கீழே அழுத்தமாக ஒரு கோடு இழுத்தான். பிறகு விரலை எடுக்காமல் வலப்பக்கமாக, கொஞ்சம் லேசாக.