பியாட்ரிஸ் டீச்சரின் டீ பிஸ்கட்

ஒரே ஆள் ஒரே நேரத்தில் டீக்கடை பெஞ்சிலும் ஆபீஸ் நாற்காலியிலும் உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சாந்தோமில் பார்த்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. அந்த ஆள் ஒரு அரசு ஆபீசின் அதிகாரி வெள்ளைத்துரை. கடை, பாலகணேஷுடையது.

விஷயம் பியாட்ரிஸ் டீச்சரின் சமையலறையில் தொடங்கியது. மழைநீர்க் கால்வாய்க்கு அளக்க வந்தவர்கள், டீ ஆறிவிடுமே என்று, டேப்பின் நுனியை நடுரோட்டில் வைக்காமல் பாலகணேஷ் கடை பெஞ்சிலேயே வைத்து அளந்துவிட்டார்கள். அதில் கால்வாய்க்கு அவர்கள் போட்ட சிவப்புக் கோடு ஒன்பது அடி தள்ளிப்போய், டீச்சரின் சமையலறைச் சுவரில் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை இடிப்பதாக நோட்டீஸ். தையல் டீச்சராக ரிட்டயர் ஆகி, கணவர் ராஜநாயகமும் போன பிறகு, டீச்சர் உயிரோடு நடமாடிய இடம் அந்த எட்டுக்குப் பத்து அறைதான். மற்ற அறைகளில் தூங்குவார், அவ்வளவே.

இடிப்பை நிறுத்த வெள்ளைத்துரையின் கையெழுத்து வேண்டும். டீச்சர் பதினோரு நாள் நடந்தார். பதினோரு நாளும் நாற்காலியில் கர்சீப்தான் இருந்தது.

"சார் டீக்குப் போய்கீறாரு," என்றார் தபால் பிரிவு அமீன்.

"பத்து மணிக்கும் இதைத்தானே சொன்னீங்க?"

"அது வேற டீ, டீச்சர்."

பன்னிரண்டாம் நாள் கதவு திறக்கும்போதே பிளாஸ்கில் டீ கொண்டுபோய்ப் பார்த்தார். ஆபீசில் குடித்தால் அது டீயே இல்லை என்று சொல்லிவிட்டு வெள்ளைத்துரை எழுந்து போனார். டீச்சருக்கு ரோஷம் வந்துவிட்டது. புதன்கிழமை வெண்ணெயை உருக்கி, டீத்தூளைப் போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துணியில் வடிகட்டினார். மைதாவும் பொடித்த சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, ஓவனில் நாலு தட்டு சுட்டெடுத்தார். வியாழன் காலை கதவு திறந்ததும் முதல் ஆளாக டப்பாவை நீட்டினார். வெள்ளைத்துரை ஒன்றைக் கடித்தார். பிறகு எழுந்து டீக்குப் போனார். நாற்காலியில் வெள்ளைத்துரை இருந்தார்.

கடையில் இருந்தவர் அரசியல் பேசினார். நாற்காலியில் இருந்தவர் மூன்று வருஷத்து ஃபைல்களை மத்தியானத்துக்குள் முடித்தார். மற்றவர்களும் தின்றார்கள், பாலகணேஷ் இரண்டாவது பெஞ்ச் போட்டார். சாயங்காலம் கடையிலிருந்தவர்கள் திரும்பி வந்து, அவரவர் மேலேயே உட்கார்ந்து, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். டீச்சர் வீட்டை இடிக்கக் கூடாது என்ற உத்தரவில் நாலு மணிக்கே கையெழுத்து விழுந்திருந்தது. சீல் போட வேண்டியவர் அமீன். அவருக்குச் சுகர், பிஸ்கட்டைத் தொடவில்லை. சர்க்கரை இல்லாத டீக்குப் போயிருந்தார். திரும்பி வந்து, "நாளைக்குப் பத்து மணிக்கு நானே எடுத்துனு வரேன் டீச்சர்," என்றார்.

அது போதும். இடிக்கிற ஆட்கள் ஏழு மணிக்கு வருவார்கள். டீ, வடை, மறுபடி டீ எல்லாம் முடிந்து வண்டியைக் கிளப்பப் பத்தரை ஆகும். ஊர் வழக்கம் அது.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ஜேசிபி ஓட்டுகிற சக்திவேல் மூன்று பேரோடு வந்து வாசலில் நின்றான். வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பி டீச்சருக்குப் பழக்கமில்லை. பிஸ்கட் தட்டை நீட்டினார்.

"வேணாம் டீச்சர், கடைக்குத்தான் போய்க்கினு இருக்கோம்."

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கப்பா."

நாலு பேரும் தின்றார்கள். நாலு பேர் கடைக்குப் போனார்கள். நாலு பேர் வேலையைத் தொடங்கினார்கள். ஓவனையும் பாத்திரங்களையும் ஒரு கீறல் விழாமல் முற்றத்தில் இறக்கிவைத்துவிட்டு, சுவரில் கை வைத்தார்கள். டீச்சர் செருப்பில்லாமல் கடைக்கு ஓடினார்.

"சக்திவேலு, அங்க நிறுத்தச் சொல்லுப்பா!"

"நான் டீ குடிச்சிகினு இருக்கேன் டீச்சர். வேலை செய்றவனாண்ட சொல்லுங்க."

வேலை செய்கிற சக்திவேலுக்கு இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஏழே முக்காலுக்குச் சமையலறை இல்லை. செங்கற்கள்கூட வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

சொன்னபடி பத்து மணிக்கு அமீன் உத்தரவோடு வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"இடிக்கக் கூடாதுன்னு போட்டுகீது டீச்சர்... எதை?"

உத்தரவை வாங்கிக்கொண்டதற்கு டீச்சர் கையெழுத்துப் போட்டார். அன்று முழுக்கச் செங்கல் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஆறரைக்கு, முதல் தடவையாக, தான் சுட்ட பிஸ்கட் ஒன்றை பியாட்ரிஸ் டீச்சர் தின்றார். ஒருவர் பாலகணேஷ் கடைக்குப் போய் டீ சொன்னார். இன்னொருவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சிமெண்ட் குழைத்தார்.