நீலத் திரையும் ஒரு நாற்காலியும்

என் மனைவி எதற்கும் காத்திருக்க மாட்டாள். மின்தூக்கி வந்து நிற்கும்வரை அதன் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பாள். உலையில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் பலமுறை மூடியைத் திறந்து பார்த்துவிடுவாள். கணினி ஏதாவது கேட்டால், அது கேட்டு முடிப்பதற்குள் என்டரைத் தட்டியிருப்பாள்.

நான் அதற்கு நேர்மாறு. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை முழுதும் படித்த பிறகுதான் மாத்திரையை விழுங்குவேன். அதற்குள் தலைவலி தானாகவே போய்விடும் என்பாள் அவள். புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் வரிகளுக்குள் இருந்துவிட்டு வருகிறவனுக்குச் சொந்தமாகச் சொல்ல அதிகம் மிஞ்சுவதில்லை.

அன்று பிற்பகல் அவள் நகர நூலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே மாடியிலுள்ள வாசிப்பறையைப் புதுப்பிக்கப் போகிறார்கள். உள்ளலங்கார வேலை தெரிந்த மூன்று பேரை வரச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் இவளும் ஒருத்தி. சம்பளம் தந்த அலுவலகத்தை விட்டுவிட்டு எங்கள் சாப்பாட்டு மேசையையே அலுவலகமாக்கிக்கொண்ட பிறகு அவளுக்குக் கிடைத்த வேலைகள் இரண்டு. ஒன்று அவளுடைய சித்தியின் சமையலறை. இன்னொன்று தம்பியின் பல் மருத்துவமனை. உறவு அல்லாத ஒருவர் கூப்பிட்டது இதுதான் முதல்முறை. இது கிடைக்காவிட்டால் பழைய அலுவலகத்துக்கே திரும்பிப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

அவளுடைய பலம் அந்த லேப்டாப்பில் இருந்தது. வாசிப்பறை முழுவதையும் அதற்குள்ளே கட்டி வைத்திருந்தாள். பார்க்கிறவர் கதவைத் திறந்து உள்ளே போகலாம், அலமாரிகளுக்கு நடுவே நடக்கலாம், தலையைத் திருப்பினால் ஜன்னல் வெளிச்சம் தரையில் விழுவதைப் பார்க்கலாம்.

அந்த லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். அதைப் போட்டுக் கொடுத்தவன் என் மச்சினன். தொழிலால் பல் மருத்துவன், பக்தியால் லினக்ஸ்காரன். கல்யாண வீடுகளில் அகப்பட்டவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், ஏன் எல்லாரும் இதற்கு மாற வேண்டும் என்று விளக்குவான். லினக்ஸின் சின்னம் பெங்குவின் என்பதால் குடும்பத்தில் அவனுக்கும் அதுவே பெயராகிவிட்டது. முந்தைய நாள் அவன் போனில் பேசும்போது, திரையில் படம் வரையும் சில்லை இயக்க டிரைவர் என்ற புதிய நிரல் ஒன்று வந்திருக்கிறது, அதைப் போட்டால் அறைக்குள் நடப்பது வெண்ணெய்போல இருக்கும் என்று ஆசை காட்டினான். அவள் அன்று மாலையே போட்டுவிட்டாள். நடுவில் அது ஏதோ பாஸ்வேர்ட் கேட்டது. ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டுச் சாப்பிட எழுந்துவிட்டாள்.

காலையில் லேப்டாப்பைத் திறந்தபோது நான் தேநீர்க் கோப்பையோடு அவள் பின்னால் நின்றிருந்தேன். திரை ஒரு கணம் இருண்டு, முழு நீலமாக மாறியது. அதில் வெள்ளை எழுத்தில் சில வரிகள். ஏதோ ஒரு சாவியைச் சேர்த்துக்கொள்வது பற்றி இருந்தது. நான் மூன்றாவது வரிக்கு வருவதற்குள் அவள் விரல் விழுந்துவிட்டது. பட்டியலில் முதலில் நின்றது 'தொடர்' என்ற வாய்ப்பு. என்டரை இன்னொரு முறை தட்டினாள், நீலம் போய்விட்டது.

பாதியில் நின்ற வரி எனக்கு எப்போதும் உறுத்தும். ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் ஒன்றைச் சொல்வதற்கு முன் சொல்லத்தான் வேண்டுமா என்று யோசிப்பேன். யோசித்து முடிப்பதற்குள் அவள் வேறு அறையில் இருப்பாள். எங்கள் தாம்பத்தியம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று அவள் வேறு அறைக்குப் போகவில்லை. திரையில் இருந்த படக்குறிகள் ஒவ்வொன்றும் பிஸ்கட் அளவுக்கு ஊதியிருந்தன. வாசிப்பறையைத் திறந்து மவுசை இடப்பக்கம் நகர்த்தினாள். அறை அதைப் பற்றி நெடுநேரம் சிந்தித்துவிட்டுக் கால்வாசி திரும்பியது. லேப்டாப்பின் விசிறி, மேடேறும் லாரியைப்போல உறுமத் தொடங்கியது.

அவள் தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அக்கா, பதறாத. ஒரு பல்லு பாதியில நிக்குது. நானும் ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன், சொல்லு."

"யாரு பல்லுடா?"

"பேஷண்ட்டோடதுதான். அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இப்போ சொல்லவும் முடியாது."

பின்னாலிருந்து 'ம்ம்' என்று ஒரு சத்தம் கேட்டது. அது சம்மதமா எதிர்ப்பா என்று தெரியவில்லை.

பெங்குவின் சொன்னபடி அவள் திரையில் கட்டளைகள் அடிக்கும் கறுப்புப் பெட்டியைத் திறந்து ஒன்றை அடித்தாள். டிரைவர் பதில் தரவில்லை என்று வந்தது. அப்படியானால் அதை எடுத்துவிட்டு மறுபடி போடு என்றான். போட்டாள். கணினியை அணைத்துத் திரும்பத் தொடங்கினாள். அதே பிஸ்கட்டுகள். நடுநடுவே அவன் வாயை இன்னும் பெரிதாகத் திறக்கச் சொல்வது எங்களுக்கா அவருக்கா என்று புரிய ஒரு கணம் ஆனது. அடுத்து, கணினி விழிக்கும்போது படிக்கும் தொடக்க வரியில் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னான். சேர்த்ததும் திரை முழுதாக இருண்டுவிட்டது.

முழுக் கறுப்பா, இல்லை ஓரத்தில் கோடு ஏதாவது துடிக்கிறதா என்று கேட்டான்.

"என் மூஞ்சி தெரியுது," என்றாள்.

"எப்படி இருக்கு?"

"உன்னோடதுக்குப் பரவாயில்ல."

மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தச் சொல்லி, எழுத்துகள் மட்டும் ஓடும் திரைக்குக் கொண்டுவந்து, சேர்த்த சொல்லை நீக்க வைத்தான். மறுபடியும் பிஸ்கட்டுகள் வந்தன. இருட்டுக்கு இது மேல் என்று ஆறுதல் சொன்னான். அவள் எழுந்து சமையலறைத் தொட்டிக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரத்தை மறுபடியும் கழுவினாள். அவள் பயப்படும்போது அழ மாட்டாள், எதையாவது கழுவுவாள்.

"காகிதத்துல நாலு படம் அடிச்சு எடுத்துட்டுப் போயிடுறேன்," என்றாள், என்னைப் பார்க்காமல். "மத்த ரெண்டு பேரும் அதைத்தான் காட்டுவாங்க. நானும் அதையே காட்டுனா, அப்புறம் நான் எதுக்கு?"

எனக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் அது சொல்லாக வரவில்லை.

போனுக்குள் வேறொரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்தவர் அடிக்கடி விரலைத் தூக்கியிருக்கிறார். வலிக்கிறது போலும் என்று பெங்குவின் இன்னொரு ஊசி போட்டிருக்கிறான். அவர் மறுபடியும் தூக்கியிருக்கிறார். மறுபடியும் ஊசி. பாதி முகம் மரத்துப்போன அந்த மனிதர் கடைசியில் தன் போனை எடுத்து, அதில் எழுதி, அவன் மூக்குக்கு முன்னால் நீட்டிவிட்டார்.

"அக்கா," பெங்குவின் குரல் மாறியிருந்தது. "இவருக்கு வலியே இல்லையாம். இவரும் லினக்ஸ்தானாம். ஏதோ கேக்குறாரு. ரீஸ்டார்ட் பண்றப்போ நீலமா ஒரு ஸ்கிரீன் வந்துதான்னு."

"அப்படி ஒண்ணும் வரல," என்றாள் உடனே. அவள் பொய் சொல்லவில்லை. அவள் உண்மையிலேயே அதைப் பார்க்கவில்லை.

தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"வந்துச்சு," என்றேன்.

அவள் திரும்பினாள்.

"காலைல வந்துச்சு. சாவியைச் சேக்கணுமான்னு கேட்டுது. நீ தட்டிட்ட."

"நீங்க பாத்தீங்களா?"

"ரெண்டு வரி படிச்சேன்."

"படிச்சுட்டு?"

நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன். அது எப்போதோ காலியாகியிருந்தது. போனிலிருந்து மரத்துப்போன ஒரு வாய் சிரிப்பது கேட்டது.

"மாமா," என்றான் பெங்குவின், "அதை அப்பவே சொல்லியிருந்தா இந்த மனுஷனுக்கு ரெண்டு ஊசி மிச்சமாயிருக்கும்."

அதன் பிறகு அவன் விளக்கியது எனக்கே புரிந்தது. கணினி கண் விழிக்கும்போது தனக்குத் தெரிந்த கையெழுத்து இருக்கும் நிரல்களை மட்டும்தான் உள்ளே விடும். புதிய டிரைவரின் கையெழுத்து அதற்குத் தெரியாது. அதனால்தான் அந்த நீலத் திரை வந்து, இவர் நம்ம ஆள்தானா என்று எதிரில் இருக்கும் மனிதரைக் கேட்கிறது. ஒரே ஒரு முறைதான் கேட்கும். பேசாமல் போ என்றால் போய்விடும். பிறகு டிரைவர் எத்தனை முறை வந்தாலும் வாசலோடு நிற்க வேண்டியதுதான். அவன் அக்கா இப்படித் தட்டிவிடுவாள் என்று தோன்றாமல் போனதற்குத் தன் தலையில் தானே அடித்துக்கொள்ள வேண்டும், ஆனால் கையில் குறடு இருக்கிறது என்றான்.

மறுபடியும் கேட்க வைக்க ஒரு கட்டளை உண்டு. அதை அடித்தால் பாஸ்வேர்ட் ஒன்று வைக்கச் சொல்லும். எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. அதையே நீலத் திரையில் மறுபடியும் கொடுக்க வேண்டும்.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு விசைப்பலகையில் குனிந்து, ஒவ்வொரு எழுத்தையும் ஆணி அறைவதுபோல அடித்தாள். நீளமான ஏதோ ஒன்று. உறுதிசெய்யச் சொன்னபோது அதே தாளத்தில் அடித்தாள்.

கணினியைத் திரும்பத் தொடங்கிவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நீங்க படிங்க," என்றாள். "முழுசா, சத்தமாப் படிங்க. எப்ப தட்டணும்னு நீங்க சொன்னாத்தான் தட்டுவேன்."

நீலம் வந்தது. நான் படித்தேன். இவ்வளவு கவனமாக எந்த மெய்ப்பையும் நான் படித்ததில்லை. ஏதாவது ஒரு விசையைத் தட்டச் சொல்கிறது என்றேன். தட்டிவிட்டுக் கையை மறுபடியும் தொடைக்கு அடியில் வைத்தாள். முதல் வரி வேண்டாம், கீழே இறங்கு என்றேன். இறங்கினாள். சாவியைச் சேர்க்க ஆமாம் கொடு என்றேன். கொடுத்தாள்.

"பாஸ்வேர்ட் கேக்குது."

"ஜன்னலப் பாருங்க."

எதிர் வீட்டு மாடியில் ஒரு பெண் கால்மிதியை உதறிக்கொண்டிருந்தாள். என் பின்னால் அதே தாளம் கேட்டது.

நான் திரும்பியபோது படக்குறிகள் சிறுத்துக் கூர்மையாகியிருந்தன. அவள் வாசிப்பறையைத் திறந்து மவுசைத் தொட்டாள். அறை வழுக்கிக்கொண்டு திரும்பியது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. வந்துவிட்டது என்று அவளும் பெங்குவினும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவன் சொன்னது பல்லை. பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்.

நூலகத்துக்கு நான் லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். குழுவில் மூவர் இருந்தார்கள்: நூலகர் அம்மா, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்க்கும் கணக்காளர் ஒருவர். அவள் அவர்களை அறைக்குள் நடத்திக்கொண்டு போனாள். கணக்காளர் கடிகாரத்தை மறந்துவிட்டார். கடைசி ஜன்னலுக்குப் பக்கத்தில், தூணுக்கு மறைவாக, மேசை இல்லாமல் தனியே ஒரு நாற்காலி கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

அவள் கட்டிய அந்த அறையை நானும் அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். அந்த நாற்காலி, நூலகத்தில் நான் வழக்கமாக உட்காரும் இடம். அவள் என்னைத் தேடி ஒரே ஒரு முறை அங்கு வந்திருக்கிறாள். குடையை மறந்துவிட்டேன் என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டு உடனே போய்விட்டாள்.

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த மூலை வீணாகிறது என்றார் பொறியாளர். அங்கே மின்சார இணைப்பு இருப்பதால் நகலெடுக்கும் இயந்திரத்தை வைத்துவிடலாம், அதை மாற்றிக் கொடுத்தால் இவளுக்கே முடிவு செய்துவிடலாம் என்பதுபோலப் பேசினார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். சரி என்ற ஒரு சொல் போதும், வேலை கிடைத்துவிடும். அவள் அதைச் சொல்லவில்லை. மவுசில் இருந்த அவள் கை அசையாமல் கிடந்தது. அவள் காத்திருப்பதை நான் பார்த்ததே இல்லை.

சொல்லத்தான் வேண்டுமா என்று நான் யோசிக்கத் தொடங்கினேன். அந்த யோசனையை முடிக்கவில்லை.

"அங்க மெஷின் வேண்டாம்," என்றேன்.

பை தூக்கி வந்தவன் பேசியதில் மூவரும் திடுக்கிட்டார்கள்.

"நான் அங்கதான் தினமும் உக்காருறேன். இந்தக் கட்டடத்துல யாரும் வந்து பேச முடியாத இடம் அது ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா என்னை மாதிரி ஆளுங்க படிக்க வரமாட்டோம்."

நூலகர் அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். எழுந்து, சுற்றி நடந்து, எனக்குப் பின்னால் போய் நின்றார்.

"அட, நீங்களா," என்றார். "உங்க பின்னந்தலை எனக்கு நல்லாத் தெரியும். முகத்தை இப்பதான் பாக்குறேன்."

நான் வராத நாட்களில் அந்த நாற்காலிக்கு மற்றவர்கள் போட்டி போடுவார்கள் என்று அவர் பொறியாளரிடம் சொன்னார். இயந்திரத்தை மாடிப்படிக்குக் கீழே வைத்துக்கொள்ளலாமே என்றார். அங்கே இணைப்பு கொடுக்க முடியுமா என்று பொறியாளர் கேட்க, முடியும் என்று இவள் சொன்னது அவர் கேட்டு முடிப்பதற்குள். எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தது நான் மட்டும்தான். அவள் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் நூலகர் அம்மா வந்து, வேலையை எப்போது தொடங்கலாம் என்று கேட்டார்.

வீட்டுக்கு நடந்தே போனோம். தெரு முனையில் திரும்பும்போது கேட்டேன்.

"அந்தப் பாஸ்வேர்ட் என்ன?"

அவள் சிரித்தாள். "வாயைத் தொறங்க-ன்னு வெச்சேன். இங்கிலீஷ் எழுத்துல. கோவத்துலயும் 'ங்க' போட்டிருக்கேன், பாத்துக்கோங்க."

"அது ஒரு தடவைதானாமே. இனிமே கேக்காதாமே."

"தெரியும்," என்றாள். "அதான் அதுக்குள்ள வேலை செஞ்சுடுச்சே."

எங்கள் கட்டடத்துக்கு வந்ததும் மின்தூக்கியின் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்திவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேலே எங்கோ அது நகரும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு முறை அழுத்தினாள்.