பாதுகாக்கப்பட்ட கட்டுத்தரை

சாலம்மாளின் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. சேலம் அஸ்தம்பட்டி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இரண்டையும் மாற்றிவிடலாம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். வீட்டில் வெஸ்டர்ன் கக்கூஸ் இருக்க வேண்டும். மாற்றிய காலோடு குந்தி உட்கார்ந்தால் அவ்வளவு வேலையும் வீண். அனுமதி வாங்கிக் கட்ட ஆரம்பித்துவிட்டுச் சொல்லுங்கள், தேதி தருகிறேன் என்று அனுப்பிவிட்டார்.

கக்கூஸ் இல்லாமல் இல்லை. அரசுத் திட்டத்தில் கட்டியது ஒன்று தோட்டத்துக் கடைசியில் இருந்தது, மூன்றடிக்கு நாலடி. அதற்குள் வெஸ்டர்ன் பீங்கானை வைத்துப் பார்த்தபோது பீங்கான் உள்ளே இருந்தது. உட்காருபவரின் முழங்கால் வெளியே இருந்தது. கதவைச் சாத்த வழியில்லை. ஆகவே வீட்டுச் சுவரை ஒட்டிப் புதிதாகக் கட்ட வேண்டும். அப்படி இருந்த ஒரே இடம் எருமைகளைக் கட்டும் கட்டுத்தரை. அதற்கு முன்னால்தான் அந்தப் பலகை நின்றது.

நீலப் பலகை. ஒன்பது வருடமாக நிற்கிறது. 'பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம். இதைச் சேதப்படுத்துவோர், மாற்றியமைப்போர் சிறைத்தண்டனைக்கு உள்ளாவர்.' எந்தச் சின்னம் என்று மேலே ஒரு வரி இருந்தது. எருமைக்கு முதுகு அரிக்கும் உயரமும் அந்த வரி இருந்த உயரமும் ஒன்றாகிவிட்டதால் இப்போது அது இல்லை.

சேந்தமங்கலத்திலிருந்து ஆறு கிலோமீட்டரில் இருக்கும் கல்லேரிப்பட்டியில் அரசாங்கப் பலகையை யாரும் கேள்வி கேட்பதில்லை. கட்டுத்தரைக் கூரையில் ஓட்டை விழுந்தபோது ஓலை மாற்றலாமா என்று சாலம்மாள் கேட்டாள். ஊராட்சிச் செயலர், "எதுக்கும் தொடாதீங்க" என்றார். அன்றிலிருந்து எருமைகள் மழையில் நனைந்தபடி பாதுகாக்கப்பட்டு வந்தன.

கக்கூஸுக்கும் அதே செயலர்தான். தொல்லியல் அலுவலகத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கி வரச் சொன்னார். ஜனவரியில் மனுப் போட்டாள். மார்ச்சில் பதில் வந்தது: 'மேற்படி கட்டடம் குறித்த ஆய்வு நிலுவையில் உள்ளதால் கோரிக்கையை ஏற்க இயலாது.'

"தெனமும் சாணி அள்றவ நானு. எனக்குத் தெரியாம எவன் வந்து ஆய்வு பண்ணுனது?" என்று கேட்டுவிட்டு, அண்ணன் மகன் இளவழகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நேரில் கிளம்பினாள். அவன் கல்லூரியில் வரலாறு மூன்றாமாண்டு படிக்கிறான். இந்த விஷயத்தில் விவரம் தெரிந்தவன் என்பது அவள் நம்பிக்கை.

அலுவலகம் மாடியில் இருந்தது. இருபத்திரண்டு படியையும் சாலம்மாள் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறினாள். அலுவலர் சுகன்யா மாற்றலாகி வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு ஃபைலைப் புரட்டினாள்.

"முக்கியமான கட்டடம்னு ஒரு ஆய்வறிக்கை வந்திருக்குங்கம்மா. அதச் சரிபாக்காமத்தான் நிலுவைன்னு போட்டிருக்காங்க. 'கொல்லிமலை அடிவாரத்தைக் காத்த படையினர் தங்கிய பாடிவீடு இது. சுவரில் வரிசையாகக் காணப்படும் வட்ட வடிவப் புடைப்புகள் போர்க் கேடயங்களைக் குறிக்கலாம்.'"

"அது நான் தட்டுன வறட்டிங்க" என்றாள் சாலம்மாள்.

சுகன்யா முகத்தில் எதையும் காட்டாமல் அடுத்த பக்கத்துக்குப் போனாள். "'இங்கே இன்றும் குதிரைக் குளம்பொலி கேட்பதாக மூத்த தகவலாளி ஒருவர் கூறினார்.'"

"அது எவனுங்க?"

"தகவலாளி பேரு போடல. எழுதினவர் பேரு இருக்கு. சே. இளவழகன்."

சாலம்மாள் மெதுவாகத் திரும்பினாள். இளவழகன் மின்விசிறியின் ரெகுலேட்டரை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

போன வருடம் உள்ளூர் வரலாறு என்று பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். கொடுக்க வேண்டிய அன்று காலையில்தான் அவனுக்கு நினைவு வந்தது. அவனுக்குத் தெரிந்து பலகை வைத்த கட்டடம் ஒன்றே ஒன்றுதான். சின்னம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது, வரலாறு மட்டும்தான் பாக்கி, அதைத் தான் கொடுத்தால் என்ன என்று நினைத்தான். பேராசிரியர் மகிழ்ந்துபோய் ஒரு நகலை இந்த அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பிய செய்தி அவனுக்கு இந்த நிமிடம்தான் தெரியும்.

"எத்தன மார்க்குடா போட்டாங்க?"

"ஒம்பதுங்கத்தை."

"அந்த ஒரு மார்க்கு எதுக்குக் கொறச்சாங்களாம்?"

அவன் சுகன்யா பக்கம் திரும்பினான். "மேடம், அது பூரா பொய்ங்க" என்றான்.

"வாயில சொன்னா ஆகாது. எழுதிக் குடுப்பீங்களா?"

"டிகிரிக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"அது உங்க காலேஜ் பாடு. எனக்கு ஃபைல் சரியா இருக்கணும்."

இளவழகன் பேனாவை எடுத்தான், மூடியைத் திறந்தான், மூடினான். பக்கத்தில் அத்தை இரண்டு கையாலும் முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள். திட்டக்கூட இல்லை. அவன் எழுதினான்: 'இக்கட்டுரையில் உள்ள அனைத்தும் பொய்.'

சுகன்யா வாங்கிப் படித்தாள். "அனைத்தும்னு போடக் கூடாது. எருமை இருக்கறது உண்மைதானே? 'எருமைகள் நீங்கலாக'ன்னு சேருங்க."

சேர்த்தான். அப்போதும் அவள் கையெழுத்துப் போடவில்லை. "கட்டுரை பொய், சரி. பலகை எங்களோடதாச்சே. அது எப்படி அங்க வந்துச்சுன்னு தெரியாம நான் கடிதம் தர முடியாது. நாளைக்கு வரேன்."

அன்று சாலம்மாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் கணவன் அங்கமுத்து சாப்பிடவே இல்லை. அவருக்கு என்ன வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் சுகன்யா பழைய பட்டியலோடும் அளவு டேப்போடும் வந்து இறங்கினாள். பட்டியலில் கல்லேரிப்பட்டி என்பதற்கு நேராக 'ஏரிக்கரைப் பாறைக் கல்வெட்டு' என்று இருந்தது. கல்வெட்டு ஏரிக்கரையில்தான் இருந்தது, ஆறு வரியும் பத்திரமாக. அங்கிருந்து பலகை வரை இளவழகனை டேப் பிடிக்க வைத்து அளந்தாள். முந்நூற்று நாற்பது மீட்டர்.

"இவ்வளவு தூரம் பலகை நடந்தா வரும்?" என்றாள்.

வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து அங்கமுத்து வந்தார். துண்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"நானுங்க நட்டது."

அவரே தொடர்ந்தார். "பலகை கொண்டாந்த காண்ட்ராக்ட்காரன் குழி தோண்ட என்னையக் கூப்புட்டானுங்க. பாறைகிட்டக் கடப்பாரை எறங்குலீங்க. எறங்குற எடமாப் பாத்து நட்டுப்போடு, எனக்கு இன்னும் நாலு ஊருக்குப் போவோணும்னு சொல்லிப்போட்டு வண்டிய எடுத்துட்டான். நானும் குத்திக் குத்திப் பாத்துக்கிட்டே வந்தனுங்க. நம்மூட்டுக் கட்டுத்தரைலதான் எறங்குச்சு. எருமை மோண்டு மோண்டு மண்ணு வெண்ணையாட்டம் இருந்துச்சுங்க."

"ஒன்பது வருஷமா ஏன் சொல்லல?"

"நட்டுப்போட்டுத்தானுங்க படிச்சுப் பாத்தேன். செயில்னு போட்டிருந்துச்சு."

"ஏனுங்க, எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்ல?" என்றாள் சாலம்மாள்.

"உங்கிட்டச் சொன்னா, மைக்கு வெச்சுச் சொன்ன மாதிரி."

சுகன்யா திரும்பிக்கொண்டு மூக்கைக் கைக்குட்டையால் துடைத்தாள். கொஞ்ச நேரம் துடைத்தாள். பிறகு, "சேதப்படுத்துனாத்தாங்க ஜெயில். இடம் மாத்தி நட்டதுக்கு ஒண்ணும் இல்ல. தைரியமா இருங்க" என்றாள்.

அங்கமுத்து அப்படியே எருமைகளின் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். "ஒண்ணும் இல்லீங்களா?" என்று இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, நேற்றிலிருந்து வெறும் வயிறு, ஏதாவது இருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டார். இளவழகனுக்கும் அப்போதுதான் பசித்தது.

சுகன்யா ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து அங்கேயே எழுதினாள். 'மேற்படி கட்டடம் எருமைக் கொட்டகை. அவ்விடத்தில் கழிப்பறை கட்ட ஆட்சேபணை ஏதுமில்லை.' கையெழுத்தும் சீலும் விழுந்தன. அதற்குள் அங்கமுத்து கடப்பாரையோடு பலகையை நெருங்கிவிட்டார்.

"இருங்க, பிடுங்க தனியா உத்தரவு வரணும்."

"நடறதுக்கு ஆரு உத்தரவு குடுத்தாங்க?" என்றவர், அவள் பார்த்த பார்வையில் கடப்பாரையைச் சுவரில் சாத்தினார்.

சாலம்மாள் கடிதத்தை இரண்டு முறை இளவழகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் எடுத்தாள்.

"சாலம்மா பேசறனுங்க, ரெண்டு முட்டிங்க. டாக்டரய்யா தேதி தரேன்னாருங்க."

"கட்ட ஆரம்பிச்சாச்சாம்மா?"

"மேஸ்திரி பொழுதோட வாராருங்க. இத்தன நாளா இது என்ன எடம்னு தெரியாமத்தானுங்க வேல நின்னுச்சு. எருமைக் கொட்டாய்தான்னு இப்பக் கவர்மெண்டே எழுதிக் குடுத்துப்போட்டாங்க."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் எதையோ புரட்டினாள். அடுத்த மாதம் பதினாறு, காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்துவிடுங்கள் என்றாள்.

"சரீங்க" என்றாள் சாலம்மாள். போனை வைக்க மனமில்லாமல், "பதினாறுங்களா?" என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள்.